திரையில் தோன்றும் முதல் எழுத்து

திரையரங்கில் விளக்குகள் அணைந்ததும் படம் தொடங்குமுன் ஒரு சான்றிதழ் பத்து விநாடிகள் தோன்றி மறைகிறது. படச்சுருள் காலத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் அதில் ஒன்றே ஒன்றைத்தான் தேடிப் படிப்பார்கள்: மொத்தம் எத்தனை ரீல்? பதினாறு ரீல் என்றால் கொடுத்த காசுக்கு மோசமில்லை என்ற நிறைவு. பன்னிரண்டு என்றால் முகம் சுருங்கும். அதே தாளில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. படத்தின் பெயர் வந்துவிட்டால் சீழ்க்கையொலியில் எழுத்தெங்கே, எண்ணெங்கே!

நானும் அந்த எழுத்தைப் படிக்காதவன்தான். சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகனைப் படத்துக்கு அழைத்துச் சென்றேன். நான்காம் வகுப்பு முடித்தவன், வயது ஒன்பது. சுவரொட்டியின் மூலையில் 'யு/ஏ 16+' என்று இருந்தது. 'ஏ' மட்டும் என்றால்தானே தடை, முன்னால் 'யு' இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டு நுழைந்தேன். வாயிலில் சீட்டைக் கிழித்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அரை மணிக்குள் பையன் என் முழங்கையைப் பற்றிக்கொண்டான். இடைவேளையில், "மாமா, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றான். அதன்பின் மூன்று இரவுகள் விளக்கை அணைக்கவிடவில்லை என்று அக்காள் என்னைக் கடிந்துகொண்டாள். அரங்கத்தார் மீது எனக்குச் சினம் வந்தது. வயதுச் சான்றுகளைப் பற்றிய சட்டத்தைத் தேடிப் படித்த பிறகு, அந்தச் சினத்துக்குரியவன் நானே என்று விளங்கியது. அப்படிப் படித்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துகள் வந்த வழி

இந்தியாவில் திரைப்படத்துக்கென்று முதல் சட்டம் 1918-இல் இயற்றப்பட்டது. 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அன்றைய ஆட்சியாளரின் கவலை குழந்தைகளைப் பற்றியதன்று. தங்கள் ஆட்சியைப் பற்றியது. கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939-இல் வெளியாகி, பின்னர் ஆங்கில அரசால் தடை செய்யப்பட்டது. அதில் எந்த வயதினருக்கும் ஊறு விளைக்கும் காட்சி ஏதுமில்லை. காந்தியமும் விடுதலை வேட்கையும்தான் இருந்தன. அக்காலத்துச் சான்று காட்டலாம், காட்டக்கூடாது என்ற இரண்டிலொன்றையே சொல்லிற்று. பார்ப்பவரின் வயது அதில் இடம் பெறவில்லை.

வயது நுழைந்தது விடுதலைக்குப் பின்னர், 1949-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அனைவரும் பார்ப்பதற்கு 'யு', வயது வந்தோர் மட்டும் பார்ப்பதற்கு 'ஏ' என இரண்டு வகைகள் வந்தன. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் இவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. எழுத்துகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கு 1912-இல் அமைந்த தணிக்கைக் குழு இதே இரண்டு எழுத்துகளைத்தான் வழங்கியது. ஆனால் அங்கே 'ஏ' என்பது பெரியவர்களுக்கு ஏற்றது என்ற அறிவுரையாகத் தொடங்கிற்று. அச்சமூட்டும் படங்களுக்கென 1932-இல் 'எச்' என்றொரு எழுத்தையும், பெரியவர்களுக்கு மட்டுமான படங்களுக்கென 1951-இல் 'எக்ஸ்' என்றொரு எழுத்தையும் அவர்கள் தனித்தனியே சேர்த்தார்கள். நாமோ 'ஏ' என்ற ஓரெழுத்தையே முழுத் தடையாக்கி, அச்சம், குருதி, காமம் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே பையில் போட்டுவிட்டோம்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்று பெற்ற படம் எது என்று வகுப்பில் கேட்டால் நண்பர்கள் என்னென்னவோ பெயர்களைச் சொல்கிறார்கள். சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். அது 1951-இல் வெளியான 'மர்மயோகி'. எம்.ஜி.ஆர். நடித்து, ஜூபிடர் நிறுவனம் தயாரித்து, கே. ராம்நாத் இயக்கிய வாட்போர்ப் படம். அதில் வந்த ஆவிக் காட்சிகள் குழந்தைகளை அச்சுறுத்தும் என்று கருதி அந்த எழுத்தைக் கொடுத்தார்கள். இன்று நம் தெருவில் 'ஏ படம்' என்ற சொல்லுக்கு வழங்கும் பொருளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மாறவில்லை, அதைப் படிக்கிற கண் மாறிவிட்டது. 'ஏ' என்ற எழுத்து 'யார் பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி, 'ஏன்' என்பதைச் சொல்லாமல் விட்டதால், அந்த 'ஏன்' என்ற வெற்றிடத்தை மக்களே தங்கள் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள். ஒரு கொலைக் கதைக்கு 'ஏ' வந்தாலும் குடும்பத்தினர் முகம் சுளிக்க இதுவே காரணம்.

நான்கு நகரங்களின் கதை

வயது வாரியாகப் படங்களைப் பிரிப்பது சரியா என்ற கேள்வி 1970-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்குத் தொடுத்தவர் புகழ்பெற்ற எழுத்தாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ். பம்பாய், கல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் செல்வர் வாழ்வையும் ஏழையர் வாழ்வையும் அருகருகே வைத்துக் காட்டும் குறும்படம் ஒன்றை அவர் எடுத்திருந்தார். அதில் பம்பாயின் விலைமகளிர் தெருக் காட்சி சிறிது வரும். அவர் 'யு' கேட்டார். வாரியம் 'ஏ' கொடுத்தது. மேல்முறையீட்டில் அரசு, குறிப்பிட்ட காட்சிகளை வெட்டினால் 'யு' தருவதாகச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டில்லாமல் 'யு' தருகிறோம் என்று அரசு இறங்கி வந்தது. வேறொருவராயின் வெற்றி என்று வீடு திரும்பியிருப்பார். அப்பாஸ் திரும்பவில்லை, தம் மனுவைத் திருத்தி, படம் வெளிவருமுன்பே தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு ஒத்ததா என்ற கேள்வியையே எழுப்பினார்.

தலைமை நீதிபதி இதாயத்துல்லா எழுதிய தீர்ப்பில் அப்பாஸ் கேட்டது கிடைக்கவில்லை. முன்தணிக்கை செல்லும் என்றும், திரைப்படம் மற்றக் கலைகளைவிட உணர்ச்சியைக் கடுமையாகத் தாக்கவல்லது என்றும், வயது வந்தோர், வராதோர் எனப் பிரிப்பது நியாயமே என்றும் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அத்தீர்ப்பில் என் நெஞ்சைத் தொட்ட இடம் வேறொன்று. நம்முள் மிகவும் பலவீனமானவரையும் மிகவும் கெட்டுப்போனவரையும் காக்கிறோம் என்று சொல்லி, நலமான மனமுடையோர் பார்க்கவும் படிக்கவும் தக்கவற்றை அவர்களிடமிருந்து பறித்துவிடக்கூடாது என்னும் கருத்தை நீதிபதி அங்கே வைக்கிறார். வயதுப் பிரிவின் உண்மையான நியாயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிவே இல்லையென்றால் எல்லாப் படமும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிரிவு இருந்தால் குழந்தைக்கும் காவல் கிடைக்கும். பெரியவர்க்கும் முழுப் படம் கிடைக்கும். எழுத்து இருக்கும் இடத்தில் கத்தரிக்கு வேலை குறைய வேண்டும்.

குறைந்ததா? அதைப் பிறகு காண்போம்.

அத்தீர்ப்பு வாரியத்தின் முடிவுக்கு மேல் முறையிட நடுநிலையான ஓர் இடம் வேண்டும் என்றும், முடிவெடுக்கக் கால வரம்பு வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதன் பயனாக வந்த 1981-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1983 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது. வாரியத்தின் பெயரிலிருந்த 'தணிக்கை' நீங்கி 'சான்றளிப்பு' வந்தது. இரண்டு புதிய வகைகளும் வந்தன: பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்னும் 'யு/ஏ', மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழிலினர்க்கு மட்டுமான 'எஸ்'. இந்த 'எஸ்' சான்றை நம்மில் யாரும் கண்டிருக்க மாட்டோம்; காண வேண்டிய தேவையும் இல்லை. அந்தத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது முறையிடுவோர் உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும்.

தடையும் அறிவுரையும்

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். நான்கு வகைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. 'ஏ' என்பது தடை. பதினெட்டு வயது நிறையாதவர் அந்த அரங்கினுள் செல்லக்கூடாது. தந்தை கையைப் பிடித்து அழைத்துவந்தாலும் கூடாது. அமெரிக்காவில் 1968-இல் வகுக்கப்பட்ட முறையில் 'ஆர்' என்ற வகைப் படத்தைப் பதினேழு வயது ஆகாதவரும் பெற்றோருடன் சென்று பார்க்கலாம். நம் நாட்டு 'ஏ' அந்த விட்டுக்கொடுத்தலை அறியாது. மீறிக் காட்டினால் பொறுப்பு அரங்கத்தாருடையது. அதற்குத் தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களில் பலர் பதினேழு வயதினர். ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருவர் சட்டப்படி 'ஏ' படம் பார்க்கலாம். மற்றவர் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

'யு/ஏ' அத்தகையதன்று. அது அறிவுரை. அது அரங்கத்தாரை நோக்கிப் பேசவில்லை. பெற்றோரை, அல்லது குழந்தையை அழைத்துச் செல்லும் பொறுப்பாளரை நோக்கிப் பேசுகிறது. அன்று வாயிலில் நின்றவர் என்னைத் தடுக்காதது கடமை தவறியதாகாது. ஒன்பது வயதுப் பிள்ளை பார்க்கலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் முழுவதுமாக என் கையில் கொடுத்திருந்தது. கொடுத்ததை நான் அறியவில்லை, அவ்வளவுதான்.

நாற்பதாண்டுக் காலம் இந்த 'யு/ஏ' தெளிவற்ற எழுத்தாகவே இருந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் நான்கு வயதா, பதினொன்றா? ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. 2016-இல் இயக்குநர் சியாம் பெனகல் தலைமையில் அரசு அமைத்த குழு, இந்த வகையைப் பன்னிரண்டு, பதினைந்து என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்றது. 'ஏ' வகையிலும் கூடுதல் எச்சரிக்கையோடு ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரியம் சான்று மட்டும் வழங்கட்டும், வெட்டும் வேலை அதற்கு வேண்டாம் என்ற கருத்தை முன்வைத்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவற்றுள் முதலாவதைச் சிறிது மாற்றி ஏற்றுக்கொண்டது. 'யு/ஏ' இன்று 7+, 13+, 16+ என மூன்றாகியுள்ளது. இதற்கான புதிய விதிகள் 2024 மார்ச்சில் வெளிவந்தன. மற்ற இரண்டு கருத்துகளும் அறிக்கையிலேயே தங்கிவிட்டன. பத்தாண்டு மட்டுமே செல்லுபடியான சான்று இனி என்றைக்கும் செல்லும் என்பதும் அச்சட்டத்தின் மற்றொரு மாற்றம்.

எழுத்துக்கு ஒரு விலை

சான்று எப்படி வழங்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். தயாரிப்பாளர் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறார். வாரியத்தின் தலைமையிடம் மும்பை, தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் செல்வது சென்னை அலுவலகத்துக்கு. ஓர் அலுவலரும் பொதுமக்களிடமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் சிலரும் படத்தைப் பார்த்து, தனித்தனியே தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். மகளிரும் அக்குழுவில் இடம்பெற வேண்டும். படத்தைத் துண்டு துண்டாகப் பாராமல் முழுமையாகப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. முடிவில் நிறைவில்லையெனில் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். சான்றிதழின் முன்பக்கத்தில் கீழே இடப்புறம் ஒரு முக்கோணம் இருந்தால் அப்படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை பத்து விநாடிக்குள் அதைக் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள்.

அந்த முக்கோணம் நம் மாநிலத்தில் அடிக்கடி தோன்றியதற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமன்று; வரியும்கூட. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு 2006-இல் வந்தது. 2011-இல் அவ்விலக்குக்கு 'யு' சான்றும் ஒரு நிபந்தனையாயிற்று. அன்றுமுதல் 'யு' என்ற எழுத்துக்குப் பண மதிப்பு ஏற்பட்டது. 'யு/ஏ' என்று குழு சொன்னால், எந்தக் காட்சியை எடுத்தால் 'யு' கிடைக்கும் என்று பேரம் தொடங்கும். இங்கு யாரையும் குறை கூற இயலாது. வசூலில் ஒரு பெரும்பங்கு வரியாகப் போவதைவிட இரண்டு நிமிடக் காட்சி போவது மேல் என்று வணிகர் எண்ணுவது இயல்பே. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்த விலக்குமுறை முடிவுற்றது. ஆனால் தொலைக்காட்சி என்னும் மற்றொரு வாயில் இருக்கிறது. 'ஏ' சான்று பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப இயலாது. வெட்டித் திருத்தி வேறு சான்று பெற வேண்டும். ஆகவே பேரம் இன்றும் தொடர்கிறது.

இதன் இழப்பு பார்வையாளருக்கே. பெற்றோருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் படம் என் பிள்ளைக்கு ஏற்றதா என்பது. அவர்களுக்குக் கிடைப்பதோ, எவ்வளவு வெட்டினால் எந்த எழுத்து என்று இரு தரப்பும் பேசி முடித்த ஓர் உடன்பாடு. எந்த எழுத்தை வேண்டுமானாலும் கொடுங்கள், படத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லும் தயாரிப்பாளர் அரிது. எழுத்து கூடினால் கூட்டம் குறையும் என்று அவர் அஞ்சுகிறார். வயதைச் சொல்ல வந்த எழுத்து கத்தரியை விரட்டியிருக்க வேண்டியது போக, கத்தரிக்கே அழைப்பிதழாகிவிட்டது.

இவ்வெழுத்து வயதோடு தொடர்பே இல்லாத சண்டைகளிலும் இழுக்கப்பட்டதுண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் இட ஒதுக்கீட்டை விமரிசித்தது. 1987-இல் மறுஆய்வுக் குழு அதற்கு 'யு' அளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அச்சான்றை நீக்கியது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இட ஒதுக்கீட்டால் கல்லூரிக்குள் கால் வைத்தவன் நான். எனினும் 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அச்சான்றை மீட்டுத் தந்தபோது கூறியதை மறுக்க முடியவில்லை. எளிதில் சினம் கொள்பவரை அளவாக வைக்காமல் சாதாரண அறிவுள்ள மனிதரை அளவாக வைக்க வேண்டும் என்றும், போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கலாகாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குழந்தை எதைப் பார்க்கலாம் என்பதற்காகப் பிறந்த எழுத்தைப் பெரியவர்கள் எதை எண்ணலாம் என்பதற்கான போர்க்களமாக்கிய வழக்கு அது.

வாயிலும் பூட்டும்

படத்துக்குச் சான்று வழங்குவது நடுவண் அரசின் அதிகாரம். அரங்குக்கு உரிமம் வழங்குவது மாநில அரசின் அதிகாரம். எழுத்தைத் தருபவர் ஓரிடம், வாயிலைக் காப்பவர் வேறிடம். நடுவில் நிற்பவர் சீட்டைக் கிழிக்கும் ஊழியர். மீசை அரும்பிய பையனைப் பார்த்து, "தம்பி, வயசு என்ன?" என்று அவர் கேட்க வேண்டும். பின்னால் இருநூறு பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் முழுவதும் கடைசியில் அந்த ஒரு மனிதரின் பொறுமையில் வந்து தொங்குகிறது.

நம் வீடுகளில் இதைவிடப் பழைய ஒரு முறை உண்டு. முதல் நாள் படம் பார்த்து வந்தவரிடம் அம்மா கேட்பாள்: "குடும்பத்தோட பாக்கலாமா?" அந்தக் கேள்விக்கு வரும் விடையில் எழுத்து இருக்காது, காரணம் இருக்கும். "சண்டை அதிகம்", "பேய் வருது, சின்னதுங்க பயப்படும்", "பாட்டு ஒண்ணு சரியில்ல" என்று விடை வரும். இந்த மூன்று சொற்றொடரில் உள்ள செய்தி 'ஏ' என்ற எழுத்தில் இல்லை. வியப்பு என்னவென்றால், இணையவழிப் படங்களுக்காக 2021-இல் வந்த விதிகள் இதைத்தான் கேட்கின்றன. யு, 7+, 13+, 16+, ஏ என்ற பிரிவோடு, படத்தில் வன்முறையா, அச்சமா, வேறெதுவா என்ற குறிப்பையும் காட்ட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டும் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சுவரொட்டியில் நான் பார்த்தவரை எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ளன. 'அச்சமூட்டும் காட்சிகள்' என்ற இரண்டு சொற்கள் அந்த மூலையில் அச்சாகியிருந்தால், அன்று நான் வேறு படத்துக்குச் சீட்டு வாங்கியிருப்பேன்.

பூட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நான் இவ்வளவையும் படித்துவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய், தொலைக்காட்சியில் அந்தப் பூட்டைப் போடும்படி அத்தானிடம் சொன்னேன். எப்போதோ போட்டாயிற்றே என்றார். திறந்து காட்டச் சொன்னேன். எண் நினைவில்லாமல் அவர் தடுமாறிக்கொண்டிருக்க, உள்ளறையிலிருந்து அக்காள் மகனின் குரல் வந்தது: "அப்பா, உங்க வண்டி நம்பர்தான்."